இடைவெளி விட்ட இரட்டைச் சுவரில் வாசலுக்கு எந்த லிண்டல் போடுவது?

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 300 மீற்றர் தள்ளியிருக்கும் எங்கள் காணியில் மாடியில்லாத வீடு ஒன்று கட்டி வருகிறோம். வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்றும் பிற்பகல் வெயிலும் மேற்குச் சுவரைச் சுட வைப்பதையும், கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு வரும் மழை கிழக்குச் சுவரை ஊற வைப்பதையும் பழைய வீட்டில் நீண்ட காலம் அனுபவித்தவர்கள் நாங்கள். ஆகையால் இந்த இரண்டு பக்கங்களை மட்டும் இரட்டைச் சுவராக எழுப்புகிறோம். உட்சுவர் 4 அங்குலச் சீமெந்துக் கல், நடுவில் 2 அங்குல இடைவெளி, வெளிச்சுவர் மீண்டும் 4 அங்குலக் கல். மொத்தம் 10 அங்குலம்.

தலைவாசல் கிழக்குச் சுவரில் வருகிறது. திறப்பின் அகலம் 4 அடி. 7 அடி உயரத்தில் லிண்டலும் (திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் குறுக்குவிட்டம்), அதற்கு மேல் மூன்று வரிசைக் கல்லும், பிறகு சுவர்வளையும் (கூரை உட்காரும் மரச்சட்டம்) ஓட்டுக் கூரையும் வரும். கூரையின் பாரம் உட்சுவரில் மட்டுமே இறங்கும்.

லிண்டல் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எங்கள் மேசன், இரண்டு சுவரையும் சேர்த்து 10 அங்குல அகலத்தில் ஒரே கொங்கிறீற்றாகப் போட்டுவிடலாம், எல்லா இடத்திலும் அப்படித்தான் போடுகிறோம் என்கிறார். இலண்டனில் கட்டட வேலை செய்யும் என் தம்பி, அங்கே இத்தகைய சுவர்களுக்கென்றே வளைத்துச் செய்த, நாகம் (துத்தநாகம்) பூசிய உருக்கு லிண்டல் வைப்பார்கள், கொங்கிறீற்றை இடைவெளிக்குக் குறுக்கே போடக்கூடாது என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணா, ஒவ்வொரு சுவருக்கும் தனித்தனியே வார்த்த லிண்டல் இரண்டை வைத்தால் இடைவெளி அறுபடாது என்கிறார். நிலை வைப்பதற்கு ஆவணியில் நாள் பார்த்திருக்கிறோம்; ஐப்பசி மழைக்கு முன் கூரை போட வேண்டும். எதைத் தெரிவு செய்வது, இரு பக்கமும் எவ்வளவு நீளம் சுவரில் ஏற வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சொல்லி உதவுங்கள்.

சீனக்குடா பொறியியலாளர் எழுதியது:

வணக்கம் ரீச்சர். உங்கள் கேள்வியில் அளவுகள் தெளிவாக இருப்பதால் நேரடியாகவே பதில் சொல்ல முடிகிறது. நம் ஊரில் ஓட்டையுள்ள கல்லால் கட்டிய ஒற்றைச் சுவரையும் சிலர் இடைவெளிச் சுவர் என்று சொல்வதுண்டு. அந்தச் சுவரில் லிண்டல் உட்காரும் கல்லின் ஓட்டைகளைக் கொங்கிறீற்றால் நிரப்பிவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். உங்களுடையது உண்மையான இரட்டைச் சுவர். இதில் பாரத்தைவிட நீர் தான் பெரிய விடயம்.

முதலில் பாரத்தைப் பார்த்துவிடுவோம். கல்லுச் சுவரில் திறப்புக்கு மேலே இருக்கும் பாரம் முழுவதும் லிண்டலில் இறங்குவதில்லை; கற்கள் ஒன்றையொன்று பிடித்து வளைவு போல நின்று பாரத்தை இரு பக்கமும் தள்ளிவிடுவதால், 45 பாகைச் சரிவில் வரையும் ஒரு முக்கோணத்துக்குள் அடங்கும் கல்லின் எடை மட்டுமே லிண்டலுக்கு வரும் என்று கொள்வது வழக்கம். இரு பக்கமும் 6 அங்குலம் ஏறும் லிண்டலுக்குக் கணக்கிட வேண்டிய நீளம் நாலரை அடி. ஆகவே அந்த முக்கோணத்தின் உயரம் 27 அங்குலம். உங்கள் வாசலுக்கு மேல் இருப்பதோ மூன்று வரிசை, அதாவது 24 அங்குலம். முக்கோணத்தின் உச்சி சுவருக்கு வெளியே போய்விடுகிறது. அதற்கு மேல் கூரையும் உட்காருகிறது. எனவே வளைவு தாங்கும் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டு, மேலுள்ள முழுச் சுவரையும் கூரையின் பங்கையும் லிண்டல் சுமக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கணக்கிட்டாலும் இரண்டு சுவரும் ஏறக்குறைய 380 கிலோகிராம், ஓட்டுக் கூரையின் பங்கு 300 கிலோகிராம் அளவில், லிண்டலின் சொந்த எடை 165 கிலோகிராம். மொத்தம் ஒரு தொன்னுக்குள் அடங்குகிறது. 10 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் கொண்ட கொங்கிறீற்றில் அடியில் இரண்டு 12 மில்லிமீற்றர் கம்பி போட்டால் அது தாராளம். உயரத்தை 8 அங்குலமாகச் சொல்வதற்குக் காரணம், அது ஒரு கல் வரிசையின் உயரம். 6 அங்குலம் என்றால் மேல் வரிசை முழுவதற்கும் கல் வெட்ட வேண்டி வரும்.

உருக்கு லிண்டலைப் பற்றி உங்கள் தம்பி சொல்வது அந்த நாட்டுக்குச் சரி. பிரித்தானியாவில் குளிர்காலத்தில் இடைவெளிக்குக் குறுக்கே போகும் கொங்கிறீற்று வழியாக உள்வெப்பம் வெளியேறும். அந்த இடத்தில் உட்சுவர் குளிர்ந்து, ஈரம் படிந்து, பூஞ்சணம் பிடிக்கும். அதைத் தவிர்ப்பதற்காகத் தான் மெல்லிய உருக்குத் தகட்டை வளைத்து, இடையில் வெப்பத்தடை நிரப்பிச் செய்கிறார்கள். நமக்கு அந்தக் குளிர் இல்லை. நமக்கு இருப்பது உப்புக் காற்று. நாகப்பூச்சு உப்புக் காற்றில் விரைவாகக் கரையும். அங்கேயும் கடலோர வீடுகளுக்குத் துருவேறா உருக்கையே பரிந்துரைக்கிறார்கள். ஒரே ஒரு வாசலுக்கு அதைத் தருவிப்பது பெருஞ்செலவு. சாதாரண நாகம் பூசியதை உப்புவெளியில் சுவருக்குள் புதைத்துப் பூசிவிட்டால், துரு பிடிப்பது கண்ணுக்குத் தெரியவும் மாட்டாது.

ஆகவே என் கருத்து உங்கள் மேசன் சொல்லும் ஒரே கொங்கிறீற்றுத் தான். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் இரட்டைச் சுவர் கட்டிய செலவே வீண். வாடை மழையில் வெளிச்சுவர் நனைந்து, அதன் உட்பக்கம் வழியாக நீர் கீழே இறங்கும். இடைவெளி அதற்காகவே இருக்கிறது. அந்த நீர் வாசலுக்கு மேலே வரும்போது உங்கள் கொங்கிறீற்றின் தலையில் விழுந்து தேங்கி, உட்சுவருக்கு ஊறிப் போகும். அதனால் லிண்டலுக்கு மேலே ஒரு ஈரத்தடைத் தாள் சரிவாக வைக்கப்பட வேண்டும். அதன் உள்விளிம்பு, லிண்டலுக்கு மேல் ஒரு வரிசை உயரத்தில் உட்சுவரின் சாந்துக்குள் புதைய வேண்டும். அங்கிருந்து இடைவெளியைக் கடந்து சரிந்து இறங்கி, வெளிச்சுவரில் லிண்டலுக்கு நேர்மேலே வெளியே வர வேண்டும். வெளிச்சுவரின் முதல் வரிசையில் நிலைக்குத்து மூட்டுகளில் ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சாந்து போடாமல் விட்டால், தாளில் இறங்கும் நீர் அவற்றின் வழியாக வெளியே போய்விடும். உங்கள் வாசலுக்கு மூன்று துளை போதும்.

குச்சவெளி வாசி எழுதியது:

பொறியியலாளர் ஐயா சொன்ன அந்தத் தாளை வைக்காமல் விட்டதன் பலனை அனுபவித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் வீட்டின் கிழக்குச் சுவரும் இரட்டைச் சுவர். ஒரே கொங்கிறீற்றாக லிண்டல் போட்டு, அதன் மேல் நேரடியாகக் கல் வைத்துக் கட்டி முடித்தார்கள். சில வருடங்கள் ஒன்றும் தெரியவில்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரேவி புயல் எங்கள் கரையோரத்தில் தரை தொட்ட இரவு, ஜன்னல்களுக்கு மேலே உட்பூச்சில் நீளவாக்கில் ஈரக்கோடு தோன்றியது. சுவரின் மற்ற எந்தப் பகுதியிலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. லிண்டல் இருந்த நீளத்துக்கு மட்டும், அளந்து வரைந்தது போல. முதலில் கூரைதான் ஒழுகுகிறது என்று எண்ணி ஓடுகளை மாற்றினோம். அடுத்த மாரியிலும் அதே கோடு வந்த பிறகு தான் காரணம் விளங்கியது.

பிறகு அதைத் திருத்திய விதத்தையும் சொல்கிறேன். லிண்டலுக்கு மேலே வெளிச்சுவரில் இரண்டிரண்டு கற்களாகக் கழற்றி, இடைவெளியைச் சுத்தம் செய்து, தாளைத் துண்டு துண்டாகச் செருகி, ஒவ்வொரு துண்டும் அடுத்ததன் மேல் 6 அங்குலம் படியும்படி ஒட்டி, மறுபடி கல் வைத்தோம். மூன்று ஜன்னலுக்குமாக ஒன்பது நாள் வேலை. கட்டும்போதே வைத்திருந்தால் அரை மணித்தியாலம் கூட ஆகியிருக்காது. கழற்றியபோது இன்னொன்றையும் கண்டோம்: லிண்டலின் மேல் இடைவெளிக்குள் மேசன்மார் தவறவிட்ட சாந்து ஒரு சாண் உயரத்துக்கு இறுகிக் கிடந்தது. தாள் இருந்திருந்தாலும் அந்தச் சாந்துக் குவியலின் மேலேறி நீர் உள்ளே வந்திருக்கும். ரீச்சர், வேலை நடக்கும்போது அந்த இடைவெளியைத் தினமும் எட்டிப் பாருங்கள்.

பாலையூற்று மேசன் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. முப்பத்தைந்து வருடமாகக் கரணை பிடிக்கிறவன் நான். பொறியியலாளர் ஐயாவின் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் தனித்தனி லிண்டல் என்ற யோசனையை இவ்வளவு விரைவாகத் தள்ள வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். தலைக்கு மேலே பெட்டி அடித்து, தாச்சியில் ஏற்றி ஊற்றும் கொங்கிறீற்றை நன்றாகக் குத்தி இறுக்குவது கடினம். அடியில் கம்பியைச் சுற்றித் தேன்கூடு போல ஓட்டை விழும். அதே லிண்டலை முற்றத்தில் மணலைச் சமப்படுத்திப் பலகை வைத்து வார்த்தால், கண்ணெதிரே குத்தி இறுக்கலாம், சாக்குப் போட்டு ஏழு நாள் நனைக்கலாம், பிழைத்தால் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று வார்க்கலாம். 4 அங்குல அகலம், 8 அங்குல உயரம், 5 அடி நீளமுள்ள ஒன்று ஏறக்குறைய 72 கிலோகிராம் வரும். இரண்டு பேர் தூக்கி வைத்துவிடுவோம். 10 அங்குல அகலமுள்ளது 180 கிலோகிராம். அதைத் தூக்க முடியாது, அந்த இடத்திலேயே தான் ஊற்ற வேண்டும்.

இன்னொன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிலாவெளிப் பக்கத்தில் நான் இளந்தாரியாக இருந்த காலத்தில் ஊற்றிய லிண்டல்கள் சில, இருபது வருடத்துக்குள் அடிப்பக்கம் வெடித்து, கம்பி வெளியே தெரியும் நிலைக்கு வந்துவிட்டன. பிழை என்னுடையது. அந்தக் காணியிலேயே அள்ளிய மணலையும், அந்தக் கிணற்றின் உவர்நீரையும் பாவித்தேன். கம்பியைப் பலகையின் மேல் அப்படியே கிடத்தி ஊற்றினேன். உப்பு கம்பியைத் தின்னும்; துருவாக மாறும் இரும்பு முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிப்பதால் கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும். அதற்குப் பிறகு மகாவலி மணலைத் தவிர வேறு மணலில் நான் லிண்டல் ஊற்றியதில்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வருவதையும் வாயில் ஒரு துளி வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தான் இறக்கச் சொல்வேன். தண்ணீரும் குழாய்த் தண்ணீர் தான்.

சீனக்குடா பொறியியலாளர் எழுதியது:

மேசன் அண்ணா சொல்வதில் பெரும்பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். முற்றத்தில் வார்ப்பது தரத்துக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. நான் தயங்கியதற்குக் காரணம் 4 அங்குலம் என்ற அந்த அகலம் தான். கடலோரத்தில் கம்பிக்கு வெளியே எல்லாப் பக்கமும் 40 மில்லிமீற்றர் கொங்கிறீற்று மூடியிருக்க வேண்டும். 4 அங்குலம் என்பது 100 மில்லிமீற்றர். இரு பக்கமும் 40, 40 போனால் நடுவில் மிஞ்சுவது 20 மில்லிமீற்றர். அதற்குள், பிரதான கம்பிகளைச் சுற்றிக் கட்டும் 6 மில்லிமீற்றர் வளையக் கம்பியின் இரண்டு கால்களையும் இரண்டு பிரதான கம்பிகளையும் வைக்க இடமே கிடையாது. வைத்தே ஆக வேண்டுமென்று வைத்தால் மூடும் கொங்கிறீற்று குறையும். கம்பிகளுக்கு நடுவே முக்கால் அங்குலச் சல்லி இறங்காமல் தேங்கி, அண்ணா சொன்ன அதே தேன்கூடு முற்றத்திலும் விழும். அவர் நிலாவெளியில் கண்ட வெடிப்புக்கு மணலும் நீரும் ஒரு பாதிக் காரணம் என்றால், பலகையில் கிடந்த கம்பி மறுபாதி.

தனித்தனி லிண்டல் தான் வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. அடியில் நடுக்கோட்டில் ஒரே ஒரு 12 மில்லிமீற்றர் கம்பி, மேலே ஒரு 10 மில்லிமீற்றர் கம்பி, வளையத்துக்குப் பதிலாக இரண்டையும் இணைக்கும் ஒற்றைக் கொக்கிகள், சிறிய சல்லி. இவ்வளவு சிறிய பாரத்துக்கு அது போதும். ஆனால் கம்பி நடுக்கோட்டிலிருந்து அரை அங்குலம் விலகினாலும் பாதுகாப்புக் குறைந்துவிடும். வார்ப்பவர் மேசன் அண்ணாவைப் போலக் கவனமானவராக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் மேலே என்று லிண்டலில் எழுதியும் வைக்க வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டால் தடித்த கம்பி மேலே போய்விடும். ஈரத்தடைத் தாள் இந்த முறையிலும் வேண்டும். இரண்டு லிண்டலுக்கு நடுவே 2 அங்குல இடைவெளி திறந்திருந்தால், மழைநீர் அதன் வழியே நேராக உங்கள் நிலையின் தலையில் இறங்கும்.

10 அங்குல அகலத்தில் இந்த இடநெருக்கடி எதுவும் இல்லை. அடியில் இரண்டு 12, மேலே இரண்டு 10, 6 அங்குலத்துக்கு ஒரு வளையம், அடியிலும் பக்கத்திலும் 40 மில்லிமீற்றர் சீமெந்துக் கட்டைகள். கலவை (சீமெந்து, மணல், சல்லி) ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. வழக்கமான ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கைவிட அடர்த்தியானது. இரு பக்கமும் ஒவ்வொரு சுவரிலும் 6 அங்குலம் ஏற வேண்டும். அது உட்காரும் கல் முழுக்கல்லாக இருக்க வேண்டும், வெட்டிய துண்டாக இருக்கக் கூடாது. அடிப்பலகையையும் முட்டுகளையும் 14 நாள் எடுக்க வேண்டாம். வெளி விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, லிண்டலின் அடியில் நீளவாக்கில் ஒரு காடி (சிறு பள்ளக்கோடு) விடுங்கள். வெளிப்பூச்சில் வழியும் நீர் அடிவழியாக உள்ளே ஊர்ந்து வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று பின்னேரம் எங்கள் மேசனுடன் இருந்து இவை எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கம்பி மூடல் கணக்கைக் கேட்ட பிறகு அவரும் 10 அங்குல லிண்டலையே 40 மில்லிமீற்றர் கட்டை வைத்து ஊற்ற ஒப்புக்கொண்டார். அவர் ஒரு கேள்வி கேட்டார். நாள் பார்த்து நிலையை முதலில் நிறுத்திவிட்டால், அதன் மேலேயே அடிப்பலகையை வைத்து ஊற்றலாமா, தனியாக முட்டு வேண்டாம் அல்லவா என்கிறார். அப்படிச் செய்யலாமா?

பாலையூற்று மேசன் எழுதியது:

வேண்டாம் தங்கச்சி. நாங்கள் எல்லோரும் செய்கிற பிழை அது. நிலை மரத்தின் மேல் நேரடியாக ஊற்றினால், லிண்டல் இறங்கும் சிறு அளவும் நிலையின் தலையில் போய் அழுத்தும். முதிரை என்றாலும் மேற்சட்டம் நடுவில் வளைந்து, இரட்டைக் கதவு ஒன்றோடொன்று உரசத் தொடங்கும். பிறகு ஓடாவியைக் கூப்பிட்டுக் கதவைச் சீவிச் சீவிக் குறைப்பார்கள். பிழை கதவில் இல்லை. நல்ல நாளில் நிலையை வைத்துப் பூசையைச் செய்யுங்கள். லிண்டலுக்குத் தனி முட்டுக் கொடுத்து, நிலைக்கும் கொங்கிறீற்றுக்கும் நடுவே அரை அங்குலம் விட்டு ஊற்றச் சொல்லுங்கள். பலகை எடுத்த பிறகு அந்த இடைவெளியை மெழுகிவிடலாம். நிலையின் இரு பக்கமும், வெளிச்சுவரும் உட்சுவரும் சந்தித்து மூடும் இடத்தில் நிலைக்குத்தாக ஒரு ஈரத்தடைப் பட்டி வைக்க மறக்க வேண்டாம். மேலே தாள் வைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்து விட்டால் நீர் பக்கவழியாக வரும்.

குச்சவெளித் தம்பி சொன்ன சாந்துக் குவியலுக்கும் ஒரு வழி இருக்கிறது. இடைவெளியின் அகலத்துக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு மரச்சட்டத்தை இரு முனையிலும் கயிறு கட்டி இடைவெளிக்குள் தொங்க விடுங்கள். விழும் சாந்து அதன் மேல் விழும். இரு சுவரையும் இணைக்கும் கம்பிகளை வைப்பதற்கு முன் சட்டத்தைத் தூக்கி, சுரண்டிவிட்டு, மறுபடி மேலே வைத்துக்கொண்டு கட்டிப் போகலாம். அந்த இணைப்புக் கம்பிகளைக் கடலோரத்தில் துருவேறா உருக்கிலேயே வாங்குங்கள். வாசலின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று வையுங்கள்.

சீனக்குடா பொறியியலாளர் எழுதியது:

தாளின் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் கேஜ் தடிப்புள்ள பொலித்தீன் அல்லது தார்த் தாள், 6 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூட்டில்லாத ஒரே துண்டு. லிண்டலின் இரு முனையையும் தாண்டி 6 அங்குலம் போக வேண்டும். இரு முனைகளையும் மேல்நோக்கி மடித்துவிட்டால் நீர் பக்கவாட்டில் வழிந்து இடைவெளிக்குள் திரும்ப இறங்காது. உட்சுவர் இரண்டு வரிசை ஏறி, வெளிச்சுவர் ஒரு வரிசையில் நிற்கும்போது வேலையை நிறுத்தி, சாந்து இறுகிய மறுநாள் ஒரு வாளி நீரை மெதுவாகத் தாளின் மேல் ஊற்றிப் பாருங்கள். மூன்று துளையாலும் நீர் வெளியே வந்து, லிண்டலின் உட்பக்கம் காய்ந்தபடியே இருந்தால் மேலே கட்டலாம். வராவிட்டால் அன்றைக்கே இரண்டு கல்லைக் கழற்றுவது தான் செலவு.

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

வாளி நீரை நானே ஊற்றுகிறேன் ஐயா. தாளை நாளை டவுனில் வாங்கி வந்துவிடுவேன். துருவேறாத இணைப்புக் கம்பி இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து தருவிக்கச் சொல்லியிருக்கிறேன். ஊற்றி முடித்துப் பலகை எடுத்ததும் படத்தோடு இங்கே எழுதுகிறேன்.